300 அடி போர்வெல்லுக்கு விண்ணப்பம், 28 அடிக் கிணற்றில் முடிவு: திருவான்மியூர் குடியிருப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னை திருவான்மியூரில் கடற்கரையிலிருந்து அரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான தூரத்தில், 1996இல் கட்டிய மூன்று மாடிக் குடியிருப்பு. 24 வீடுகள், அதில் 22இல் ஆள் இருந்தது, மொத்தம் 78 பேர். இதை எழுதும் நான் 2018 முதல் 2022 வரை அங்கே சங்கப் பொருளாளர். சுருக்கமாகச் சொன்னால் தண்ணீர் லாரிக்காரருக்குப் பணம் எண்ணிக் கொடுக்கிற ஆள்.

தண்ணீருக்கு மூன்று வழி இருந்தது. மெட்ரோ வாட்டர் (மாநகரக் குடிநீர் வாரியம்) குழாயில் சம்ப்புக்கு, அதாவது தரையடித் தொட்டிக்கு வருவது, கட்டடம் கட்டும்போதே போட்ட 45 அடி போர் (ஆழ்துளைக் கிணறு), 2004 வறட்சியில் அவசரமாகப் போட்ட 120 அடி போர். நான்காவதாக ஒன்று இருந்ததை எல்லோரும் மறந்துவிட்டிருந்தோம். இந்த மனையில் முன்பு இருந்த தனிவீட்டின் உறை கிணறு, வாயில் சிமென்ட் பலகை போட்டு மூடி, அதன்மேல் ஒரு வீட்டுக்காரரின் கார் நின்றுகொண்டிருந்தது.

மழைநீர் சேகரிப்பும் "இருந்தது". 2003இல் தமிழ்நாடு முழுக்க எல்லாக் கட்டடங்களுக்கும் அது கட்டாயமானபோது நாங்களும் செய்தோம். மாடியிலிருந்து ஒரு பிவிசி பைப் இறங்கி, மண்ணுக்குள் ஒரு அடி போய், அங்கேயே நின்றுவிட்டது. அதை 2019இல்தான் தோண்டிப் பார்த்தோம், அது பின்னால் வருகிறது.

சட்டம் எங்கே வருகிறது

சென்னையில் போர் போட அனுமதி வேண்டும் என்று கேட்டால் பாதிப் பேர் சிரிப்பார்கள், நாங்களும் சிரித்தவர்கள்தான். ஆனால் சட்டம் 1987இலிருந்து இருக்கிறது: சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர் (ஒழுங்குமுறை) சட்டம். மாநகருக்குள் அதை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு 1978இல் உருவான சென்னைப் பெருநகர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியத்திடம், அதாவது நாம் மெட்ரோ வாட்டர் என்று சொல்வதிடம். சுற்றியுள்ள, அட்டவணையில் சேர்த்த கிராமங்களில் வருவாய்த் துறை அதிகாரிகள் பார்க்கிறார்கள்.

இந்தச் சட்டம் ஏன் வந்தது என்பது வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் போனால் புரியும். ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகையின் மணலுக்குள் இருந்த நல்ல நீரை நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் வயலுக்கும் சேர்த்து ஆண்டுக்கணக்கில் உறிஞ்சியதில் கடல்நீர் நிலத்தடியில் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே வந்துவிட்டது. கிணறு இருக்கும், மோட்டார் இருக்கும், வருவது உப்பு. தெற்கே திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு வரை போகும் மணல்பட்டைக்கும் அதே கதி வரலாம் என்ற பயம் அப்போதே இருந்தது.

சட்டம் கட்டுப்படுத்துவது மூன்று விஷயங்களை. ஒன்று, துளை: புதுக் கிணறோ போரோ தோண்ட முன்அனுமதி. இரண்டு, எடுப்பு: வீட்டு உபயோகம் தவிர வேறு எதற்கு நிலத்தடி நீரை எடுத்தாலும் உரிமம். மூன்று, ஏற்றிச்செல்வது: லாரியில் நிலத்தடி நீரைக் கொண்டுபோக உரிமம். இதைப் படித்ததும் எங்களுக்கு உறைத்தது இதுதான்: வீட்டு உபயோகம் என்பதால் எங்களுக்கு முதல் கட்டம் மட்டும்தான். துளைக்கு அனுமதி வாங்கிவிட்டால், அதிலிருந்து தினம் 5,000 லிட்டர் எடுக்கிறோமா 50,000 எடுக்கிறோமா என்பது எங்கள் மனசாட்சிக்கும் மின்கட்டணத்துக்கும் இடையிலான விவகாரம்.

2019 கோடை: என்ன கவனித்தோம்

2018 வடகிழக்குப் பருவமழை ஏமாற்றியது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் கிட்டத்தட்டத் தரை தெரியக் கிடந்தன, ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அது ஊர்க் கதை. எங்கள் வளாகத்துக் கதை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

மார்ச் கடைசியில் 45 அடி போர் காற்று இழுக்க ஆரம்பித்தது. மோட்டார் ஓடும், பைப்பில் 'புஸ்புஸ்' என்று சத்தம் வரும், அரை வாளி வரும், நிற்கும். ஏப்ரலில் அதை நிறுத்தினோம். சுமை முழுக்க 120 அடி போர்மேல் விழுந்தது, காலையும் மாலையுமாக அதை ஆறேழு மணி நேரம் ஓட்டினோம். அது நாங்கள் செய்த முதல் பெரிய தப்பு, அப்போது அது தப்பு என்றே தெரியாது.

மே இரண்டாவது வாரம் இரண்டாம் மாடியிலிருந்து ஒரு அக்கா பாத்திரம் தேய்க்கும் சோப்பு நுரைக்கவே மாட்டேன் என்கிறது என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டார். சோப்பு கம்பெனியைத் திட்டி நாலு பேர் பதில் போட்டோம். நாலு நாள் கழித்து வாட்ச்மேன் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "சார், நீங்களே வாயில வச்சுப் பாருங்க" என்று ஒரு டம்ளரை நீட்டினார். கஞ்சியில் உப்புப் போட்ட மாதிரி இருந்தது. அன்று சாயங்காலம் 300 ரூபாய்க்கு ஒரு டிடிஎஸ் மீட்டர், பேனா மாதிரி இருக்குமே அது, வாங்கினேன். லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன என்று காட்டும். 2,800 காட்டியது. குடிநீருக்கு இந்தியத் தரத்தில் 500 வரை நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். இதற்குமுன் எவ்வளவு இருந்தது? யாருக்கும் தெரியாது. முந்தைய வருடம் ஆர்ஓ மெஷின் சர்வீஸுக்கு வந்த பையன் ஒரு வீட்டின் அட்டையில் 900 என்று எழுதிவிட்டுப் போயிருந்தான், எங்களிடம் இருந்த ஒரே வரலாற்று ஆவணம் அந்த அட்டைதான்.

லாரித் தண்ணி அதுவரை மாதத்துக்கு நாலைந்து. ஜூனில் தினம் ஒன்று, 12,000 லிட்டர். விலை கோடையில் 1,800 ரூபாயில் தொடங்கி ஜூனில் 3,500இல் நின்றது, அந்த மாதம் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல், வீட்டுக்குக் கிட்டத்தட்ட 4,400 ரூபாய். மெயின்டனன்ஸை விடத் தண்ணீர்க் காசு அதிகமான மாதம் அது.

ஜூன் கூட்டம்

ஞாயிற்றுக்கிழமை காலை, பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு 21 பேர். 300 அடியில் புது போர் போடுவது என்று ஏறக்குறைய முடிவோடுதான் வந்திருந்தோம். போர் வண்டிக்காரர் ஒருவரை முன்னமே பேசி வைத்திருந்தார்கள். அவர் நேரில் வந்து, "ராத்திரி பத்து மணிக்கு வண்டி விட்டா விடியறதுக்குள்ள முடிஞ்சிரும் சார். பர்மிஷன் எல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவரையும் அவரே அழைத்து வருவதாகச் சொன்னார், அதற்குத் தனிக் கட்டணம் இல்லையாம்.

மூன்றாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற அம்மா ஒருவர், பல வருடம் ஆய்வகத்தில் தண்ணீர் சோதிக்கும் வேலையில் இருந்தவர், எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "120 அடியில உப்பு வருது. 300 அடியில என்ன வரும்னு நினைக்கிறீங்க?" அப்புறம் அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். கடலோர மணலில் மழைநீர், கடல்நீரின்மேல் ஒரு கிண்ணம் போல மிதக்கிறது. நல்ல நீர் லேசு, உப்பு நீர் கனம். ஏட்டுக் கணக்குப்படி நல்ல நீர் கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நின்றால் கீழே நாற்பது அடி வரை நல்ல நீர் இருக்கும். மேலே ஒரு அடி இறங்கினால் கீழே உப்பு நாற்பது அடி ஏறும். மோட்டார் போட்டு வேகமாக உறிஞ்சினால் அந்த இடத்தில் மட்டும் உப்பு கூம்பு மாதிரி மேலே வரும். எங்கள் பகுதியில் மணலுக்குக் கீழே பாறை இருப்பதால் கணக்கு இவ்வளவு நேர்கோட்டில் வராது என்றும் அவரே சொன்னார், ஆனால் திசை அதுதான்.

இதைக் கேட்டு எல்லோரும் மனம் மாறிவிட்டார்கள் என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு. பக்கத்துத் தெருவில் முந்தைய வாரம் இரவில் வந்த போர் வண்டியை அக்கம்பக்கத்தார் போலீஸைக் கூப்பிட்டு நிறுத்திவிட்டார்கள், கொடுத்த முன்பணம் திரும்பி வரவில்லை. அந்தச் செய்தி கூட்டத்தில் வந்ததும்தான் அனுமதி வாங்கியே போடலாம் என்ற பேச்சு பலம் பிடித்தது. கை தூக்கிய எண்ணிக்கை 12க்கு 9. நாங்கள் சட்டத்தை மதித்தது முன்பணத்தை நினைத்துத்தான்.

படிவம் கேட்ட கேள்விகள்

விண்ணப்பம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. ஏற்கெனவே எத்தனை கிணறு, எத்தனை போர், ஒவ்வொன்றும் எத்தனை அடி, எந்த வருடம் போட்டது, மோட்டார் எத்தனை எச்பி, பக்கத்து மனைகளில் கிணறு எவ்வளவு தூரத்தில், எத்தனை குடும்பம், எதற்காகத் தண்ணீர், தினம் எவ்வளவு தேவை. அவ்வளவுதான் கேள்வி. இதில் குடும்ப எண்ணிக்கையைத் தவிர ஒன்றுக்கும் எங்களிடம் பதில் இல்லை. பழைய இரண்டு போர்களுக்கும் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. 23 வருடம் ஒரு நீராதாரத்தை நடத்தி வந்திருக்கிறோம், அதன் ஆழம் தெரியாமல்.

அளந்துவிடலாம் என்று முடிவு செய்தோம். நைலான் கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சு, நுனியில் பூட்டு ஒன்றைக் கட்டி இறக்கினோம். 45 அடி போர் 36 அடியிலேயே மணல் அடைத்துக் கிடந்தது. 120 அடி போரின் மோட்டாரை பிளம்பர் ரிப்பேருக்காகத் தூக்கிய நாளில் அதையும் பார்த்தோம், கயிறு 94இல் நின்றது. நீர்மட்டம் பார்க்க எலக்ட்ரீஷியன் தம்பி ஒரு நல்ல வழி சொன்னான். இரட்டை ஒயரின் நுனி இரண்டையும் உரித்து இறக்கி, மேலே மல்டிமீட்டரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், நுனி தண்ணீரைத் தொட்ட நொடியில் முள் ஆடும். ஒரு இரவு முழுக்க ஓய்வு கொடுத்து, காலை ஆறு மணிக்கு அளந்தபோது தரையிலிருந்து 38 அடி கீழே.

மூன்றாம் மாடி அம்மா அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "நம்ம தெரு கடல்மட்டத்துக்கு மேல எத்தனை அடி?" என்றார். கட்டட வரைபடத்தில் ஏறத்தாழ 20 என்று இருந்தது. அப்படியானால் எங்கள் போரில் தண்ணீர் நிற்பது கடலைவிட 18 அடி கீழே. அரை கிலோமீட்டர் தள்ளிக் கடல் இருக்கிறது. சோப்பு ஏன் நுரைக்கவில்லை என்று அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

உறை கிணறு நினைவுக்கு வந்தது அப்போதுதான், படிவத்தில் "கிணறு" என்ற கட்டம் இருந்ததால். காரை நகர்த்தி, பலகையைக் கடப்பாரை போட்டுப் புரட்டினால், உள்ளே 23 அடியில் காய்ந்த சேறு.

ஆய்வுக்கு வந்தவர் பார்த்தது

விண்ணப்பம் கொடுத்து ஐந்து வாரம் கழித்து இடம் பார்க்க ஆள் வந்தார், அதில் மூன்று வாரம் நாங்கள் விடுபட்ட தாள்களைச் சேர்க்க எடுத்துக்கொண்டது. வந்தவர் முக்கால் மணி நேரம் இருந்திருப்பார். அவருடைய மீட்டரில் எங்கள் போர்த் தண்ணீர் 2,900 காட்டியது. நாங்கள் எழுதி வைத்திருந்த அளவுகளைப் படித்துவிட்டு, இதை எப்போதிலிருந்து எழுதுகிறீர்கள் என்று கேட்டார். மூன்று வாரமாக என்றோம். அவர் சிரிக்கவில்லை, நல்லவேளை.

அவர் வாய்மொழியாகச் சொன்னவை மூன்று. இந்த இடத்தில் பாறைக்குள் ஆழமாகப் போவதை அவர் பரிந்துரைக்க மாட்டார். இருக்கிற கிணற்றை அதன் பழைய அடிவரை தூர்வாருவது வேறு, அதைவிடக் கீழே ஆழப்படுத்துவது வேறு, ஆழப்படுத்தினால் அது புதிதாகத் தோண்டுவது போலக் கணக்கில் வரும். மூன்றாவது, மொட்டை மாடித் தண்ணீர் எங்கே போகிறது என்று காட்டச் சொன்னார். காட்டினோம். அப்போதுதான் அந்த ஒரு அடி பைப்பைத் தோண்டிப் பார்த்தது. அதன் வாயில் ஒரு பால் கவரும் களிமண்ணும்.

எடுத்த முடிவு

ஆகஸ்ட் முதல் வாரம் மறுபடி கூட்டம். இந்தமுறை பேச்சு வேறு மாதிரி இருந்தது, காரணம் எல்லோர் கையிலும் ஒரு தாள் இருந்தது, அதில் எண்கள் இருந்தன. 300 அடி விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவது, கிணற்றைத் தூர்வாருவது, மாடி நீர் முழுவதையும் வடிகட்டித் தொட்டி வழியாகக் கிணற்றுக்குள் விடுவது, 120 அடி போரை நிறுத்தி மூடி வைப்பது, எல்லாக் குழாய்க்கும் மீட்டர் மாட்டுவது.

எதிர்ப்பு இருந்தது, அது நியாயமான எதிர்ப்பும்கூட. முதல் மாடிக்காரர் ஒருவர் கேட்டார்: "மழை வந்தா கிணறு நிறையும், சரி. வரலன்னா?" அதற்கு எங்களிடம் பதில் இல்லை. வராவிட்டால் லாரிதான், ஆனால் 300 அடி போர் போட்டாலும் உப்பு வந்துவிட்டால் அப்போதும் லாரிதான், அதுவும் போர்ச் செலவுக்கு மேலே. இந்தக் கணக்குதான் அவரையும் சம்மதிக்க வைத்தது என்று நினைக்கிறேன், அவர் கடைசிவரை கை தூக்கவில்லை.

தூர்வாரல்

செப்டம்பரில் நான்கு பேர் வந்தார்கள், இரண்டரை நாள் வேலை. உள்ளே இறங்குமுன் வாளியில் மெழுகுவத்தி வைத்து இறக்கிப் பார்த்தார்கள். நான் பார்த்தவரை அதற்குமேல் ஒரு பாதுகாப்பும் இல்லை, ஒரு பெடஸ்டல் ஃபேனைக் கிணற்றுவாயில் வைத்து ஓட்டியதோடு சரி. இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது, மூடிக்கிடந்த கிணற்றில் விஷவாயு இருந்திருக்கலாம், மெழுகுவத்தி எல்லா வாயுவையும் காட்டாது. இதை இந்த ஆய்வின் பெரிய குறையாகவே எழுதுகிறேன்.

சேற்றோடு வந்தவை: இரண்டு பிளாஸ்டிக் குடம், ஒரு அலுமினியச் சொம்பு, கட்டட வேலையின் சிமென்ட் மூட்டை கல்லாய் இறுகியது, கரைந்துபோன பிள்ளையார் ஒருவர். 28 அடியில் பழைய அடி உறை தட்டுப்பட்டது, அங்கேயே நிறுத்தினோம். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பெய்த மழைக்கு 22 அடியில் தண்ணீர் ஊறி நின்றது, மணலிலிருந்து மெதுவாகக் கசிந்து, பழுப்பாக, வாசனையோடு. பத்து நாள் இறைத்துக் கொட்டிய பிறகு தெளிந்தது. டிடிஎஸ் 1,050.

அந்த வருட வடகிழக்குப் பருவமழை முந்தைய வருடம் போல ஏமாற்றவில்லை. டிசம்பர் கடைசியில் கிணற்றில் நீர் 9 அடிக்கு வந்தது, டிடிஎஸ் 640. அன்று வாட்ச்மேன் அண்ணன் எல்லா வீட்டுக்கும் ஒரு டம்ளர் கொண்டுபோய்க் கொடுத்தார், யாரும் கேட்காமலேயே.

மீட்டர்

என்னைக் கேட்டால் இந்தக் கதையில் கிணற்றைவிட முக்கியமானது மீட்டர். மூன்று குழாயில் மூன்று மீட்டர் மாட்டி முதல் வாரம் சராசரி பார்த்தால் நாளைக்கு 19,400 லிட்டர். 78 பேருக்கு, தலைக்கு 249. நகரங்களுக்குத் திட்டமிடும்போது பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு தலைக்கு 135. கூட்டத்தில் இதைப் படித்தபோது ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பார்த்தார்கள்.

கண்டுபிடித்தது யாரும் எதிர்பார்க்காத இடத்தில். மேல்நிலைத் தொட்டியில் மிதவை வால்வு தேய்ந்திருந்தது, விடியற்காலை மோட்டார் ஓடும்போது அரைமணி நேரம் வழிந்து, மழைநீர்க் குழாய் வழியாகச் சத்தமில்லாமல் தெருச் சாக்கடைக்குப் போயிருக்கிறது. அதோடு ஒன்பது வீடுகளில் ஃப்ளஷ் டேங்க் கசிவு. மஞ்சள் தூள் ஒரு சிட்டிகையை டேங்கில் போட்டு, கால்மணி கழித்துக் கோப்பையில் மஞ்சள் இறங்கியிருக்கிறதா என்று வீடு வீடாகப் பார்த்தோம். இரண்டையும் சரிசெய்ததும் 13,200. அதாவது புது போரிலிருந்து எடுக்க நினைத்த தண்ணீரில் பெரும்பகுதி எங்கள் தொட்டியிலிருந்தே தெருவுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

கிணற்றில் பழைய ஒன்றரை எச்பி மோட்டாருக்குப் பதில் அரை எச்பி. காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம், நடுவில் ஓய்வு. ஒரேயடியாக உறிஞ்சாமல் விட்டு விட்டு எடுப்பதுதான் இந்த மண்ணுக்குச் சரி என்பது மூன்றாம் மாடி அம்மாவின் கட்டளை.

பிறகு நடந்தது

2020 கோடையில் கிணறு 19 அடி வரை இறங்கியது, வற்றவில்லை. லாரி அந்த வருடம் மொத்தம் ஆறு. ஊரடங்கில் எல்லோரும் வீட்டிலேயே இருந்து 15,000 லிட்டர் வரை போனபோதும் சமாளித்தோம்.

எல்லாம் நல்லபடியாகப் போகவில்லை. 2021 நவம்பர் 6ஆம் தேதி இரவு பெய்த மழையில், நுங்கம்பாக்கத்தில் மட்டும் 21 சென்டிமீட்டர், எங்கள் பார்க்கிங்கில் முழங்கால் தண்ணீர். கிணற்றின் சுற்றுச்சுவரைக் கார் திருப்ப வசதியாக ஒன்றரை அடிக்கு மேல் எழுப்ப விடவில்லை. சாக்கடையோடு கலந்த தெருத்தண்ணீர் நேராகக் கிணற்றுக்குள் இறங்கியது. சோதனையில் மலக்கிருமி இருப்பது உறுதியானது. முழுக்க இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, மறுபடி இறைத்து, மூன்று வாரம் அதைக் கையால் தொடவில்லை. மழைக்காலத்தில் லாரித் தண்ணி வாங்கிய ஒரே குடியிருப்பு நாங்களாகத்தான் இருப்போம்.

இன்னொன்று, இதைச் சொல்லலாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். 2020 ஏப்ரலுக்கு முன் எங்களுக்கு அருகிலுள்ள ஒரு மனையில் ஆழமான போர் ஒன்று ஒரே இரவில் இறங்கியது. முதல் வருடம் அவர்களுக்குத் தண்ணீர் கொட்டியது, எங்கள் ஆட்களில் சிலர் என்னை முறைத்தார்கள். 2022 கோடையில் அவர்களும் லாரி வாங்க ஆரம்பித்தார்கள். அதே கோடையில் எங்கள் கிணற்றின் டிடிஎஸ் 880க்கு ஏறியது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று நிரூபிக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. புகார் கொடுக்கலாம் என்று ஒரு தரப்பு, 1996 போருக்கு நம்மிடம் காகிதம் இருக்கிறதா என்று இன்னொரு தரப்பு. கொடுக்கவில்லை.

மூடி வைத்த 120 அடி போரை வருடத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்தோம். 2,900 இருந்தது 2022 ஜனவரியில் 1,700. உப்பு வந்த வேகத்தில் போகவில்லை.

மறுபடி செய்வதென்றால்

முதலில் அளப்போம், பிறகு கூட்டம் போடுவோம். ஜூன் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் கத்தியதில் பாதி, யாரிடமும் ஒரு எண்கூட இல்லாததால் வந்தது. மீட்டரைத் தூர்வாரலுக்கு முன்பே மாட்டியிருந்தால் அந்த ஜூன் லாரிகளில் குறைந்தது பத்து மிச்சம்.

கிணற்றில் ஆளை இறக்குமுன் வாயு சோதிக்கும் கருவி, இடுப்பில் கயிறு, மேலே தூக்க ஆள். கருவி இல்லையென்றால் வேலை இல்லை.

லாரிக்காரரிடம் உரிமம் கேட்போம். இது எனக்கு இன்னும் உறுத்துகிறது. எங்கள் மனையில் ஒரு துளை போட மூன்று வாரம் தாள் சேர்த்த நாங்கள், தினம் 12,000 லிட்டர் வாசலில் இறக்கியவரிடம் இது எந்த ஊர்க் கிணற்றிலிருந்து வருகிறது, எடுத்துவர அனுமதி உண்டா என்று ஒருநாளும் கேட்கவில்லை. ஒருமுறை ஓட்டுநரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன், "தெற்கால ஒரு வயல்ல சார்" என்றார், அதோடு விட்டுவிட்டேன். அந்த வயலுக்குப் பக்கத்து வீட்டிலும் ஒரு கயிறும் மல்டிமீட்டரும் வைத்து யாராவது அளந்திருந்தால் அவர்கள் தாளில் என்ன எண் இருந்திருக்கும்?

கிணற்றுச் சுவரை நாலடி உயர்த்த வேண்டும். 2021க்குப் பிறகு மூன்று கூட்டத்தில் இந்தத் தீர்மானம் வந்தது. உயர்த்தினால் ஒரு கார் நிறுத்தும் இடம் போய்விடும், அந்த இடம் யாருடையது என்று உங்களுக்கே தெரியும். நான் பொறுப்பை ஒப்படைத்த நாளில் நோட்டில் கடைசியாக எழுதியது நீர்மட்டம் 14 அடி, டிடிஎஸ் 760, சுவர் ஒன்றரை அடி.